மருத்துவ புத்தர் கையில் இருக்கும் கடுக்காய்: மென்லா சிலைக்குத் திபெத்திய மருத்துவத்தில் என்ன இடம்?

கேள்வி இது: நேபாளத்திலிருந்து வரும் கைவினைச் சிலைகளில் ‘மருத்துவ புத்தர்’ என்று ஒன்றை விற்கிறார்கள். வீட்டில் வைத்தால் நோய் குணமாகும் என்கிறார்கள். திபெத்திய மருத்துவத்தில் அப்படி ஒரு நம்பிக்கை உண்மையில் இருக்கிறதா? அந்தச் சிலைக்கு என்ன பொருள்? நெடுநாளாக மூட்டுவலியால் அவதிப்படும் அம்மாவுக்காக வாங்க நினைக்கிறேன். எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

முதலில் நேரடியான பதிலைச் சொல்லிவிடுகிறேன். திபெத்திய மருத்துவத்தில் இந்தப் புத்தருக்கு இணையான இடம் வேறு யாருக்கும் கிடையாது. ஆனால் அது ஆசிரியரின் இடம். அந்த மருத்துவத்தின் மூல நூலே அவருடைய உபதேசம் என்று மரபு கொள்கிறது. மருத்துவம் படிக்க வரும் மாணவர் அவரை வணங்கிவிட்டுத்தான் பாடத்தைத் தொடங்குகிறார். மருந்து அரைப்பவர் அவருடைய மந்திரத்தைச் சொல்லிக்கொண்டே அரைக்கிறார். சிலையை அலமாரியில் வைத்த மாத்திரத்தில் வலி போய்விடும் என்பது விற்பனைக்காகச் சேர்த்துக்கொண்ட வாக்கியம். இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ள, வேறு எதையும் படிக்குமுன் சிலையின் வலது கையை உற்றுப் பார்த்தால் போதும்.

திபெத்தியர்கள் இவரை ‘சங்கியே மென்லா’ என்று அழைக்கிறார்கள். வடமொழியில் பைஷஜ்யகுரு வைடூரியபிரபராஜர். மணிமுடி, ஆபரணம் எதுவும் இல்லாமல், துறவியின் சீவர ஆடையோடு பத்மாசனத்தில் அமர்ந்திருப்பார். மடியில் கிடக்கும் இடது கையில் ஒரு கிண்ணம். இந்தக் கிண்ணத்தை மட்டும் பார்த்து ‘இவர்தான் மருத்துவ புத்தர்’ என்று முடிவு கட்டிவிடக் கூடாது. சாக்கியமுனி, அதாவது கௌதம புத்தரின் இடது கையிலும் பிச்சைப் பாத்திரம் உண்டு. வலது கைதான் இருவரையும் பிரித்துக் காட்டுவது. சாக்கியமுனியின் வலது கை முழங்காலைத் தாண்டி இறங்கி, விரல் நுனிகள் பூமியைத் தொட்டபடி இருக்கும். மென்லாவின் வலது கையும் முழங்கால் மேல்தான் நீண்டிருக்கும். ஆனால் உள்ளங்கை நம்மைப் பார்த்துத் திரும்பியிருக்கும், விரல்களுக்கு இடையே ஒரு சிறு கிளை இருக்கும். இலைகளுக்கு நடுவே வரிவரியாகக் கோடு ஓடிய ஒரு காய். அது கடுக்காய். திபெத்திய மொழியில் ‘அருரா’. பல கடைகளில் சாக்கியமுனி சிலையையே மருத்துவ புத்தர் என்று சொல்லி விற்றுவிடுகிறார்கள். சிலையில் கடுக்காய்க் கிளை இல்லை என்றால் ஏன் இல்லை என்று தயங்காமல் கேளுங்கள்.

அவர் கையில் ஏன் கடுக்காய்? பதில் ‘கியூஷி’ என்ற நூலில் இருக்கிறது. ‘நான்கு தந்திரங்கள்’ எனப்படும் இந்த நூல்தான் திபெத்திய மருத்துவமான சோவா ரிக்பாவின் அடித்தளம். 6, 31, 92, 27 என்று நான்கு பகுதிகளாக மொத்தம் 156 அத்தியாயங்கள். பன்னிரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த யுதோக் யோன்தென் கோன்போ என்ற மருத்துவரோடு சேர்த்து இந்த நூல் பேசப்படுகிறது. நூல் ஒரு நகரத்தின் வருணனையோடு தொடங்குகிறது. தனதுக் என்பது அந்த நகரத்தின் பெயர். நடுவில் மாளிகை, அதற்குள் மென்லா, அவரைச் சுற்றித் தேவர்களும் முனிவர்களும் பிற சமயத்தாரும் பௌத்தர்களும். அவருடைய இதயத்திலிருந்து ஒரு முனிவர் தோன்றுகிறார். நாவிலிருந்து இன்னொருவர் தோன்றுகிறார். ஒருவர் கேட்க மற்றவர் விடை சொல்கிறார். அந்த உரையாடல்தான் முழு நூலும். கேட்பதும் அவரே, சொல்வதும் அவரே.

நகரத்தின் நான்கு பக்கமும் நான்கு மலைகள். தெற்கே விந்தியம். அது சூரியனின் ஆற்றல் கொண்டது. மிளகும் திப்பிலியும் மாதுளையும் அங்கே வளர்கின்றன, குளிர்ச்சியால் வரும் நோய்களுக்கு. வடக்கே பனிமலை. அது சந்திரனின் ஆற்றல் கொண்டது. சந்தனம், கற்பூரம், அகில், வேம்பு அங்கே, சூட்டினால் வரும் நோய்களுக்கு. மேற்கே மலயம். சாதிக்காய், கிராம்பு, குங்குமப்பூ, மூங்கிலுப்பு, ஏலக்காய், பெரிய ஏலம் என்று ‘ஆறு நல்ல மருந்துகள்’ அந்த மலைக்கு உரியவை. கிழக்கே கந்தமாதனம். அந்த மலை முழுவதும் கடுக்காய்க் காடு.

நான்கு மலைகளில் அதிகமாகப் புகழப்படுவது இந்தக் கிழக்கு மலைதான். கடுக்காய் மரத்தின் வேர் எலும்பு நோயையும், அடிமரம் தசை நோயையும், கிளைகள் நாள நோயையும், பட்டை தோல் நோயையும், இலைகள் குடல் போன்ற உள்ளீடற்ற உறுப்புகளின் நோயையும், பூக்கள் புலன்களின் நோயையும், கனிகள் இதயம் முதலான உயிர் உறுப்புகளின் நோயையும் தீர்க்கும் என்று நூல் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போகிறது. ஒரு மரத்தின் மேல் மனித உடல் முழுவதையும் விரித்துக் காட்டும் அழகு இது. ஆயுர்வேதம் கடுக்காய்க்கு உப்பு நீங்கலாக ஐந்து சுவை என்று சொல்லும். கியூஷி ஒரு படி மேலே போய் ஆறு சுவையும் அதில் உண்டு என்கிறது. எட்டு வீரியம், செரித்தபின் தோன்றும் மூன்று சுவைகள், பதினேழு குணங்கள் அனைத்தும் அந்த ஒரு காயில் அடக்கம் என்பது அதன் கணக்கு. ஆகவே சிலையின் விரல்களுக்கு இடையே இருப்பது ஏதோ ஒரு மூலிகை என்று கடந்துபோக முடியாது. மருந்து என்ற ஒன்றின் மொத்த உருவமே அந்தக் காய்தான்.

இதில் என்னை வியக்கவைக்கும் செய்தி ஒன்று உண்டு. கடுக்காய் மரம் திபெத்தின் பீடபூமியில் வளர்வதில்லை. அது இந்தியாவிலும் நேபாளத்திலும் மலையடிவாரங்களிலும் காடுகளிலும் வளரும் மரம். மேற்கு மலையின் சாதிக்காயும் கிராம்பும் ஏலமும்கூட அப்படித்தான். பனிமலைக்கு அந்தப்புறம் வாழ்ந்த மக்கள், தங்கள் மண்ணில் முளைக்காத ஒரு காயைத் தங்கள் மருத்துவத்தின் அடையாளமாக ஏற்றார்கள். கணவாய் வழியாக வரும் வணிகர்களிடம் அதை விலை கொடுத்து வாங்கினார்கள். அறிவும் அதே வழியில்தான் வந்தது. வாக்படரின் ஆயுர்வேத நூலான ‘அஷ்டாங்க ஹிருதயம்’ பதினோராம் நூற்றாண்டில் ரின்சென் சங்போ என்ற பெரும் மொழிபெயர்ப்பாளர் காலத்தில் திபெத்திய மொழிக்குப் போனது. கிரேக்க மருத்துவத்தின் கூறுகளும் சீன நாடி பார்க்கும் முறையும் அதோடு கலந்தன. நம் வாதம், பித்தம், கபம் அங்கே லுங், திபா, பேகென். நாட்டு மருந்துக் கடையில் வளர்ந்த ஒருவர் கியூஷியின் மருந்துப் பட்டியலைப் படித்தால் பாதிக்கு மேல் தெரிந்த முகங்களாகவே இருக்கும்.

வேறுபடும் இடமும் முக்கியமானது. அந்த மூன்று தோஷங்களும் எங்கிருந்து பிறக்கின்றன என்று கியூஷி கேட்கிறது. ஆசையிலிருந்து வாதம், வெறுப்பிலிருந்து பித்தம், மயக்கத்திலிருந்து கபம் என்று விடை தருகிறது. இந்த மூன்றுக்கும் அடியில் இருப்பது அறியாமை. அதனால் உடலுக்கு மருத்துவம் பார்ப்பவர் ஏதோ ஒரு கட்டத்தில் மனத்தையும் பார்த்தே ஆக வேண்டும் என்பது அந்த மருத்துவத்தின் நிலை. மருத்துவருக்கு ஆசானாகப் புத்தர் இருப்பதன் காரணம் இதுதான். ஒரு கையில் மருந்து. மறு கை தியானத்தில். இரண்டும் ஒரே உடலில் இருக்கின்றன என்பதைத்தான் சிலை சொல்கிறது.

இனி ‘குணமாகும்’ என்ற கேள்விக்கு வருவோம். கியூஷி நோய்களை 404 என்று எண்ணி, நான்கு வகுப்பாக 101 வீதம் பிரிக்கிறது. முதல் வகுப்பு தானாக வந்து தானாகப் போகும் நோய்கள். உணவையும் நடத்தையையும் சரிசெய்தால் போதும். இரண்டாவது, இந்தப் பிறவியின் காரணங்களால் வருவன. மருந்து சாப்பிட்டே ஆக வேண்டும். மூன்றாவது, கண்ணுக்குத் தெரியாத சக்திகளால் வருவதாக அவர்கள் கருதுவன, சடங்கு தேவைப்படும். நான்காவது, முற்பிறவி வினையால் வருவன. மருந்துக்குக் கட்டுப்படாதவை, ஆன்மிகப் பயிற்சி ஒன்றே துணை. வினை, ஆவி என்பவற்றை நீங்கள் ஏற்கலாம், ஏற்காமல் இருக்கலாம். இந்தப் பாகுபாட்டைக் கவனியுங்கள், அது போதும். சடங்கையும் வழிபாட்டையும் மனமார நம்பிய மரபே, எல்லா நோய்க்கும் அவற்றைப் பரிந்துரைக்கவில்லை. மருந்து கொடுக்க வேண்டிய நோய்க்கு மருந்துதான் என்று தனி வகுப்பே வைத்திருக்கிறது. சிலை ஒன்றே போதும் என்று சொல்பவர் மென்லாவின் பெயரால் மென்லாவின் நூலையே மறுக்கிறார்.

அப்படியானால் சிலைக்கு முன்னால் என்னதான் நடக்கிறது? திபெத்திய மருத்துவரை ‘அம்ச்சி’ என்பார்கள். அவர் மணிக்கட்டில் மூன்று விரல் வைத்து நாடி பார்ப்பார், காலையில் பிடித்த சிறுநீரைச் சிறு குச்சியால் அடித்து, எழும் நுரையையும் நிறத்தையும் மணத்தையும் பார்ப்பார், நாக்கைப் பார்ப்பார், கேள்வி கேட்பார். சிகிச்சை உணவில் தொடங்கி, நடத்தை, மருந்து, பிறகு ஒத்தடம், நீராட்டு, சூடு போடுதல் என்று படிப்படியாகப் போகும். மென்லா வழிபாடு இதற்கு அப்பால் நடப்பதில்லை, ஊடே ஓடுகிறது. மருத்துவர் தியானத்தில் நீல ஒளி வீசும் மென்லாவை மனத்தில் எழுப்புகிறார், பிறகு தன்னையே அந்த உருவமாகப் பாவிக்கிறார். எதிரில் வரும் நோயாளியிடம் தன் சொந்த எரிச்சலோடும் அவசரத்தோடும் நடந்துகொள்ளாமல், புத்தர் எப்படி அணுகுவாரோ அப்படி அணுகுவதற்கான பயிற்சி அது. மருந்துகளைக் குவித்துவைத்து அவற்றின் முன் நாள்கணக்கில் மந்திரம் சொல்லும் ‘மென்துப்’ என்ற பெரிய சடங்கும் உண்டு. யுதோக்கின் பெயரால் வழங்கும் ஆன்மிகப் பயிற்சி மரபில் அதற்கு முக்கிய இடம் இருக்கிறது. அந்த வேளையில் மையத்தில் இருப்பது மென்லாவின் உருவம். நோயாளியும் மந்திரம் சொல்வார்: ‘தத்யதா ஓம் பைஷஜ்யே பைஷஜ்யே மஹாபைஷஜ்யே ராஜ சமுத்கதே ஸ்வாஹா’. திபெத்தியர் வாயில் பைஷஜ்யே என்பது ‘பேகன்ட்ஸே’ ஆகிவிடும்.

நோய் தீர இந்தப் புத்தருக்குச் சிலை செய்வது திபெத்துக்கும் முந்தைய பழக்கம். அவரைப் பற்றிய சூத்திரத்திலேயே அதற்கு வழி சொல்லப்பட்டிருக்கிறது. அவருடைய உருவம் ஏழு செய்து, ஒவ்வொன்றின் முன்பும் ஏழு விளக்குகள், ஒவ்வொரு விளக்கும் வண்டிச் சக்கரம் அளவு, 49 நாள் அணையாமல் எரிய வேண்டும். அதே சூத்திரத்தில் அவர் எடுத்த பன்னிரண்டு சபதங்களும் வருகின்றன. உடல் ஊனமுற்றோர், கவனிக்க ஆளில்லாத நோயாளிகள், பசியால் தவறு செய்தவர், உடுக்கத் துணியில்லாதவர், அரசதண்டனையில் சிக்கியவர் என்று ஒவ்வொருவராக நினைத்து எடுத்த சபதங்கள் அவை. வடமொழியில் இந்தச் சூத்திரத்தின் ஏடுகள் 1931-இல் கில்கித் பகுதியில் கிடைத்தன. ஜப்பானில் பேரரசர் தென்மு, 680-இல் தன் துணைவியின் நோய் தீர வேண்டிக்கொண்டு தொடங்கியதுதான் இன்றும் நிற்கும் யாகுஷி கோயில். கம்போடியாவில் ஏழாம் ஜெயவர்மன் நிறுவிய மருத்துவமனைகள் இந்தப் புத்தரின் காவலில் விடப்பட்டன. 1186-ஆம் ஆண்டின் தா புரோம் கல்வெட்டு அவற்றின் எண்ணிக்கையை 102 என்கிறது. அரசன் சிலை மட்டும் வைத்துவிட்டு நிற்கவில்லை என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. மருத்துவர், பணியாள், அரிசி, மருந்துச் சரக்கு எல்லாவற்றுக்கும் ஏற்பாடு செய்ததைக் கல்வெட்டுகள் பட்டியலிடுகின்றன. ஜப்பானிய உருவங்களின் கையில் பெரும்பாலும் சிறிய மருந்துச் சாடிதான் இருக்கும். கடுக்காய்க் கிளை திபெத்திய மரபின் முத்திரை.

நிறத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. நமக்கு வைடூரியம் என்றால் நவரத்தினங்களில் வரும் பூனைக்கண் கல். இந்தப் புத்தரின் பெயரில் வரும் வைடூரியமோ ஆப்கானிஸ்தானின் பதக்‌ஷான் சுரங்கங்களிலிருந்து வரும் லாப்பிஸ் லசூலி என்ற ஆழ்ந்த நீலக்கல். துணியில் தீட்டும் தங்கா ஓவியங்களில் மென்லாவின் மேனி முழுவதும் இந்த நீலத்தில்தான் இருக்கும். உலோகச் சிலைகளில் மேனி பொன்னாகவும் தலைமயிர் மட்டும் நீலமாகவும் இருப்பது வழக்கம். மேனி பொன்னிறமாக இருக்கிறதே என்று ஐயப்பட வேண்டாம்.

தங்கா என்றதும் தெசி சங்கியே கியாட்சோவைச் சொல்லாமல் போக முடியாது. ஐந்தாம் தலாய் லாமாவின் ஆட்சிப் பொறுப்பாளராக இருந்த இவர் கியூஷிக்கு ‘நீல வைடூரியம்’ என்ற உரையை 1688-இல் முடித்தார். பிறகு நூல் முழுவதையும் 79 தங்காக்களாக வரையச் செய்தார். கரு வளர்வது முதல் அறுவைக் கருவிகள் வரை அதில் இருக்கின்றன. முதல் ஓவியம் மென்லா வீற்றிருக்கும் அந்தத் தனதுக் நகரம். 1696-இல் லாசாவின் சக்போரி மலைமேல் இவர் நிறுவிய மருத்துவக் கல்லூரி 1959-இல் அழிக்கப்பட்டது. 1961-இல் தரம்சாலாவில் மென்-ட்ஸீ-காங் என்ற திபெத்திய மருத்துவ நிறுவனம் மீண்டும் தொடங்கியது. 2010-இல் இந்திய அரசு சோவா ரிக்பாவைச் சட்டப்படி அங்கீகரித்தது.

சிலைகள் எங்கே பிறக்கின்றன? காத்மாண்டுப் பள்ளத்தாக்கில், பாகமதி ஆற்றின் தென்கரையில் இருக்கும் பாட்டன் என்ற லலித்பூரில். திபெத்தியர் வணங்கும் உலோகச் சிலைகளில் மிகச் சிறந்தவற்றைப் பல நூற்றாண்டுகளாக வடித்தவர்கள் நேவார் இனக் கைவினைஞர்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டில் இங்கிருந்து திபெத்துக்குப் போன அர்னிகோ என்ற இளைஞர், அங்கிருந்து குப்லாய் கானின் அவைக்குப் போய், பெய்ஜிங்கில் வெள்ளைத் தூபியை எழுப்பினார். ஓகு பஹால் என்ற விகாரத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் நடந்தால் இன்றும் அரம் ராவும் ஒலியும் உளி தட்டும் ஒலியும் கேட்டுக்கொண்டே இருக்கும். பட்டறைக்காரர்களில் பெரும்பாலோர் சாக்கிய குலத்தவர்.

முறை நம் சுவாமிமலை ஸ்தபதிகளின் மெழுகு வார்ப்பேதான். தேன்மெழுகோடு குங்கிலியம் போன்ற மரப்பிசினைச் சேர்த்து உருக்கி, பதமான வெப்பத்தில் உருவம் பிடிக்கிறார்கள். ஆனால் இறுதியில் ஒரு பெரிய வேறுபாடு. சுவாமிமலையில் கோயில் உற்சவமூர்த்தியை உள்ளே இடைவெளி இல்லாமல் கனமாக வார்ப்பார்கள். பாட்டனில் உள்ளே வெறுமையாக வார்க்கிறார்கள். செம்பு மிச்சமாகும் என்பது ஒரு காரணம். அந்த வெற்றிடத்தை நிரப்ப வேண்டும் என்பது மற்றொன்று. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

மெழுகு வேலை நடக்கும் இடத்தில் கைகளைப் பார்க்க வேண்டும். மெல்லிய மெழுகுத் தகட்டைத் தணலில் காட்டி இளக்கி, மடித்து, சீவரத்தின் மடிப்பாக்கித் தோளில் பொருத்துவார். எருமைக் கொம்பிலோ மரத்திலோ செய்த சிறு கருவியின் முனையை நனைத்துக்கொண்டு விரல் நகத்தைக் கீறுவார். கடுக்காய்க் கிளை தனியாக உருவாகும்: கம்பி போல உருட்டிய காம்பு, கிள்ளி எடுத்த இலைகள், பயறு அளவு காய். அந்தக் காயின் மேல் கோடுகளைப் போட்டால்தான் அது கடுக்காய். போடாவிட்டால் எந்தக் காயோ. அவசரத்தில் செய்த சிலையில் இந்தக் கோடுகள் இருக்காது. நான் ஒரு சிலையை எடைபோடும்போது முகத்தைப் பார்ப்பதற்கு முன் இதைத்தான் பார்ப்பேன்.

மெழுகு உருவின் மேல் நுண்ணிய களிமண்ணையும் சாணத்தையும் கரைத்துப் பூசி, உலர்த்தி, மறுபடி பூசி, கடைசியில் உமி கலந்த மண்ணால் தடிமனாக மூடுவார்கள். மழைக்காலத்தில் உலர வாரக்கணக்காகும். சூடேற்றி மெழுகை வடித்துவிட்டு, உருக்கிய செம்பை ஊற்றுவார்கள். மண்ணை உடைத்தால்தான் சிலை வெளியே வரும், ஆகவே ஒரு அச்சுக்கு ஒரு சிலைதான். பித்தளையைவிடச் செம்பை வார்ப்பது கடினம். ஆனாலும் நேவார்கள் செம்பை விடுவதில்லை, ஏனென்றால் தங்கம் அதன் மேல்தான் ஒழுங்காகப் பற்றும். வார்த்த சிலை கரடுமுரடாக இருக்கும். அதை அரத்தால் ராவி, சிறு உளிகளால் ஆடையின் கரைகளில் பூவேலை செதுக்குவதற்கு வார்ப்பைவிட அதிகக் காலம் பிடிக்கும்.

தங்க முலாம் பூசும் கட்டத்தைப் பற்றி எழுதும்போது எனக்கு மனம் கனக்கிறது. பழைய முறையில் தங்கத்தைப் பாதரசத்தோடு சேர்த்துக் குழம்பாக்கி, சிலைமேல் தடவி, நெருப்பில் காட்டுவார்கள். பாதரசம் ஆவியாகிப் போய்விடும், தங்கம் செம்போடு ஒட்டிக்கொள்ளும். பிறகு அகேட் கல் பதித்த கருவியால் தேய்த்து மெருகேற்றுவார்கள். அந்த மஞ்சளின் ஆழத்துக்கு மின்முலாம் ஈடாகாது என்பது உண்மை. அந்த ஆவியைச் சுவாசிப்பவரின் நரம்பு மண்டலமும் சிறுநீரகமும் கெடும் என்பதும் உண்மை. நோய் நீக்கும் புத்தருக்குப் பொன்மேனி தர ஒரு மனிதர் தன் உடம்பைக் கெடுத்துக்கொள்வதை அந்தப் புத்தரின் பன்னிரண்டு சபதங்களில் ஒன்றுகூட ஏற்காது. புகைபோக்கியும் முகக்கவசமும் வைத்து வேலை செய்யும் பட்டறைகள் இருக்கின்றன. மின்முலாமுக்கு மாறியவர்களும் இருக்கிறார்கள். வாங்குபவர் கேட்டால்தான் இது பரவும். ஆகவே கேளுங்கள். மின்முலாம் பூசிய சிலை என்பதால் அதன் புனிதம் குறைந்துவிடாது.

கடைசியாக முகம். திபெத்திய முறையில், முகத்துக்கு மட்டும் பசையில் குழைத்த பொன்தூளைத் தூரிகையால் தீட்டுவார்கள். அதனால் மேனி பளபளக்க, முகம் மட்டும் மென்மையாக ஒளிரும். அதன் மேல் கண்ணும் புருவமும் உதடும் வரைவது தனிக் கலைஞரின் வேலை. தலையில் நீலம். உருவத்தின் அளவுகள் எல்லாம் விரற்கணக்கில் விதிக்கப்பட்டவை. முகம் இத்தனை, மார்பு இத்தனை என்று. அளவு பிசகிய சிலையை வழிபாட்டுக்கு ஏற்க மாட்டார்கள்.

இவ்வளவும் முடிந்த பின்னும் திபெத்தியரின் பார்வையில் அது இன்னும் வெறும் செம்புதான். உள்ளே நிரப்ப வேண்டும். சந்தனம் அல்லது ஜூனிப்பர் மரத்தில் ஒரு ‘உயிர்த்தண்டு’ செய்து, சிவப்புப் பூசி, மந்திர எழுத்துகளை எழுதி, தலையிலிருந்து அடிவரை நட்ட நடுவில் நிறுத்துவார்கள். மரம் நின்றபோது எது நுனியோ அதுவே சிலையிலும் மேலே இருக்க வேண்டும். சுற்றிலும் மந்திரம் அச்சிட்ட காகிதச் சுருள்களைத் துளி இடைவெளியின்றி அடுக்குவார்கள். தானியம், நறுமணப் பொருள், மூலிகை, புனித மாத்திரைகள், கிடைத்தால் பெரியோரின் திருச்சின்னங்கள் ஆகியவையும் சேரும். அடியைச் செப்புத் தகட்டால் மூடி விளிம்பைத் தட்டி அடைப்பார்கள். அந்தத் தகட்டில் குறுக்காக அமைந்த இரட்டை வஜ்ரம் பொறித்திருக்கும். பிறகு லாமா ‘ரப்னே’ என்ற பிரதிஷ்டைச் சடங்கைச் செய்வார். கண் திறப்பதும் அதில் அடக்கம். கடையில் வாங்கும் புதிய சிலை அனேகமாகக் காலியாகத்தான் இருக்கும். நிரப்பிப் பிரதிஷ்டை செய்ய விரும்பினால் கர்நாடகத்தின் பைலகுப்பே போன்ற திபெத்தியக் குடியிருப்புகளில் உள்ள மடங்களை அணுகலாம். ஏற்கெனவே மூடிய சிலையை ஆர்வத்தால் திறந்து பார்க்காதீர்கள். அவர்களுக்கு அது பிரதிஷ்டையைக் கலைப்பதற்குச் சமம்.

வாங்கும்போது சிலவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். செம்பா, பித்தளையா, பிசினில் செய்து உலோக நிறம் பூசியதா? தங்கம் முழுவதுமா, முகத்துக்கு மட்டுமா? மெழுகு உருவைக் கையால் பிடித்தார்களா, ரப்பர் அச்சில் எடுத்தார்களா? இரண்டாவது இப்போது பரவலாக நடக்கிறது; அச்சில் எடுத்த மெழுகையும் கையால் திருத்தி, வார்த்தபின் கையால் செதுக்குவார்கள் என்பதால் அதையும் கைவினை என்றே சொல்வார்கள். விலையில் மட்டும் அந்த வேறுபாடு தெரிய வேண்டும். ‘பழைய சிலை’ என்று யாராவது காட்டினால் விலகிவிடுங்கள். நூறு ஆண்டுக்கு மேற்பட்ட கலைப்பொருள்களை நேபாளத்திலிருந்து கொண்டுபோவதை அந்நாட்டுச் சட்டம் தடைசெய்கிறது. கோயில்களிலிருந்தும் விகாரங்களிலிருந்தும் திருடப்பட்ட சிலைகள் ஏராளம். புதிய சிலைக்கே தொல்லியல் துறையின் சான்றைக் கேட்டுப் பெறுவது நல்லது.

உங்கள் அம்மாவுக்காக வாங்குகிறீர்கள் என்றால் தாராளமாக வாங்குங்கள். தரையில் வைக்காமல் உயரமான, தூய்மையான இடத்தில் வைத்து, திபெத்தியர் செய்வது போல் காலையில் ஏழு கிண்ணத்தில் நீர் வைக்கலாம். அவருக்கு மனம் பிடித்தால் மந்திரத்தைச் சொல்லட்டும். வலியோடு விடியும் ஒருவருக்கு அமைதியாக உட்காரும் ஒரு வேளை கிடைப்பது சிறிய விஷயம் அன்று. மூட்டுவலிக்கு மருத்துவம் தனியாக நடக்க வேண்டும். இப்போது பார்க்கும் மருத்துவரை விட்டுவிட வேண்டாம். அம்ச்சியிடமும் காட்ட விரும்பினால் பதிவு பெற்றவரிடம் போங்கள், ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியலைக் கொண்டுபோங்கள். ‘ரின்சென்’ என்று தொடங்கும் விலையுயர்ந்த உருண்டைகள் சிலவற்றில் சுத்திசெய்த பாதரசமும் பிற உலோகங்களும் சேரும். ஆகவே அவற்றைக் கடையிலோ இணையத்திலோ நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். அம்ச்சியே எழுதிக்கொடுத்தாலும் அதை அம்மாவின் மருத்துவரிடம் சொல்லி, சிறுநீரகச் செயல்பாட்டைப் பரிசோதித்துக்கொண்ட பிறகு கொடுங்கள்.